ஒரு பட்டுப்புழுக் கிருமி கடந்த உலகங்கள்

1865ஆம் ஆண்டு ஜூன் மாதம் லூயி பாஸ்டர் தெற்கு பிரான்சின் அலேஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். அதுவரை ஒரு பட்டுப்புழுவைக்கூட அவர் கையால் தொட்டதில்லை. தம் ஆசிரியர் துமா வற்புறுத்தியதால் மட்டுமே புறப்பட்டார். அந்த வட்டாரத்தின் பிழைப்பே பட்டுக்கூட்டை நம்பி இருந்தது. 1853இல் பிரான்சில் சுமார் 26,000 டன் கூடு விளைந்தது. 1865இல் அது சுமார் 4,000 டன்னாகச் சரிந்திருந்தது. புழுக்களின் தோலில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தோன்றின. அவை இலை தின்பதை நிறுத்தின, சுருங்கின, செத்தன. நோய்க்குப் பெப்ரின் என்று பெயர். நோயுற்ற புழுவின் உடற்சாற்றை நுண்ணோக்கியில் வைத்தால், முட்டை வடிவத்தில் மினுங்கும் துகள்கள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தன. அவற்றில் ஏறக்குறைய முந்நூறை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும்.

அந்தத் துகள்கள் நோயின் காரணமா, விளைவா என்று தீர்மானிக்கவே பாஸ்டருக்கு ஆண்டுகள் பிடித்தன. ஆனால் அவர் கண்ட தடுப்பு முறை எளிமையானது. முட்டையிட்டு முடித்த தாய் அந்துப்பூச்சியை நீர்விட்டு அரைத்து, ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். துகள் தென்பட்டால் அது இட்ட முட்டைகளை அழித்துவிட வேண்டும். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் பட்டு விவசாயிகள் வாங்கும் ‘நோயற்ற முட்டைத் தொகுதி’களுக்குப் பின்னால் இன்றும் இருப்பது இந்தச் சோதனைதான்.

நோயை எப்படித் தடுப்பது என்று தெரிந்துவிட்டது. அந்தத் துகள் என்ன உயிர் என்ற கேள்விக்கு விடை காண இன்னும் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பாஸ்டருக்கு முன்பே, 1857இல், சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் கார்ல் நேகெலி அதற்கு ‘நோசிமா பாம்பிசிஸ்’ என்று பெயரிட்டு, பாக்டீரியாவையும் ஈஸ்ட் போன்றவற்றையும் அடக்கிய ஒரு கூட்டத்தில் வைத்திருந்தார். அக்கூட்டம் பூஞ்சைகளைச் சார்ந்தது; அன்றைய கணக்கில் பூஞ்சை தாவரம். ஆக, பட்டுப்புழுவைக் கொன்றது ஒரு தாவரம் என்றே முதலில் பதிவானது. அதன்பின் அது விலங்கானது, புரோட்டிஸ்டா ஆனது, உயிர்மரத்தின் அடிவேரில் தனி உலகமாக நின்றது, கடைசியில் பூஞ்சைகளிடம் வந்து சேர்ந்தது. இத்தனை காலமும் அந்தத் துகள் அப்படியேதான் இருந்தது. உயிரியலாளர்கள் ஓர் உயிரை ஓர் உலகத்தில் சேர்க்கும்போது என்ன கேள்வி கேட்டார்கள் என்பதே மாறிக்கொண்டிருந்தது. உயிர்களின் பெரும்பிரிவுகள் எப்படி வகுக்கப்பட்டன என்று அறிய, இந்தக் கிருமியின் பின்னால் நடந்து போவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நேகெலியின் காலத்தில் உலகங்கள் இரண்டுதான். சுவீடனின் கார்ல் லின்னேயஸ் 1735இல் ‘சிஸ்டெமா நேச்சுரே’ நூலில் இயற்கையைக் கனிமம், தாவரம், விலங்கு என்று மூன்றாகப் பிரித்தார். கனிமத்தை நீக்கினால் உயிர்களுக்கு மிஞ்சுவது இரண்டு. 1753இல் ஏறக்குறைய 6,000 தாவரங்களுக்கும், 1758இல் ஏறக்குறைய 4,400 விலங்குகளுக்கும் அவர் இரட்டைப் பெயர் வைத்தார். கண்ணுக்குத் தெரியும் உயிர்களுக்கு அந்த ஏற்பாடு அபாரமாகப் பொருந்தியது. ஆனால் அவர் பிறப்பதற்கு முன்பே, 1670களிலும் 1680களிலும், டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக் குளத்து நீரிலும் தம் பல் அழுக்கிலும் நெளியும் நுண்ணுயிர்களைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதங்கள் எழுதியிருந்தார். அவற்றை எங்கே வைப்பது என்று லின்னேயஸுக்குத் தெரியவில்லை. புழுக்கள் என்ற வகுப்பின் கடைசியில் ‘கேயாஸ்’, அதாவது குழப்பம், என்ற பேரினத்தைத் திறந்து பலவற்றை அதில் போட்டுவிட்டார். தன் அறிவின் எல்லையை அவர் அவ்வளவு நேர்மையாகக் குறித்து வைத்ததை நான் மதிக்கிறேன்.

இரண்டே உலகம் என்றால் ஒவ்வோர் உயிரும் ஏதாவது ஒரு பக்கம் நின்றாக வேண்டும். நகர்ந்து இரை தின்றால் விலங்கு. நின்ற இடத்தில் வளர்ந்தால் தாவரம். காளான் நகராது, ஆகவே தாவரம். பாக்டீரியாவுக்குச் செல் சுவர் உண்டு, அதில் சில பச்சையாகவும் இருக்கும். ஆகவே ஃபெர்டினாண்ட் கோன் 1870களில் அவற்றை நீலப்பச்சைப் பாசிகளோடு சேர்த்துத் தாவரங்களில் வைத்தார். யூக்ளினா வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கை செய்யும், சாட்டை போன்ற கசையிழையால் நீந்தவும் செய்யும். தாவரவியலாளரும் விலங்கியலாளரும் அதைத் தங்கள் தங்கள் நூல்களில் எழுதிக்கொண்டார்கள். பட்டுப்புழுக் கிருமியையும் அதே இழுபறி பிடித்தது. 1882இல் பால்பியானி அதை மைக்ரோஸ்போரிடியா என்ற புதிய கூட்டமாக்கி, விலங்கு உடலுக்குள் வித்துகளாகப் பெருகும் ஒட்டுண்ணிகளோடு, ஸ்போரோசோவாவில் சேர்த்தார். ஸ்போரோசோவா ஒருசெல் விலங்குகள். மலேரியா ஒட்டுண்ணியும் அந்தக் கூட்டத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. இருபத்தைந்து ஆண்டுகளில் தாவரம் விலங்காகிவிட்டது.

இந்த இழுபறிக்கு முடிவு கட்ட மூன்றாவது வீடு ஒன்று வேண்டும் என்று 1860இல் ஜான் ஹாக் என்ற ஆங்கிலேயரும், 1866இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெக்கலும் வாதிட்டார்கள். ஹெக்கல் வைத்த புரோட்டிஸ்டா என்ற பெயர் நிலைத்தது. ஹாக்குக்கு அது எல்லைத் தகராறுக்கு ஒரு தீர்வு. ஹெக்கலோ 1859இல் வெளிவந்த டார்வினின் நூலைப் படித்து எரிந்துகொண்டிருந்தவர். எல்லா உயிர்களும் ஒரு பொது மூதாதையிலிருந்து கிளைத்தவை என்றால், வகைப்பாடு ஒரு குடிவழிப் பட்டியலாக இருக்க வேண்டும். அவர் தம் நூலில் உயிர்களை ஒரு மரமாக வரைந்தார். தாவரம், புரோட்டிஸ்டா, விலங்கு என்று மூன்று பெருங்கிளைகள். புரோட்டிஸ்டாவின் அடியில், உட்கருவே இல்லாத எளிய உயிர்களுக்கு மொனிரா என்று ஓர் இடமும் ஒதுக்கினார். கேள்வி சரியானது. விடை சொல்லும் கருவி அவரிடம் இல்லை. ஒரு பாக்டீரியாவையும் இன்னொன்றையும் ஒப்பிட, கோல், உருண்டை, சுருள் என்ற வடிவங்களைத் தவிர அன்று கையில் வேறு என்ன இருந்தது?

அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1925இல் எட்வார்ட் ஷாத்தோன், உட்கரு உள்ள செல்களை யூகேரியோட் என்றும் இல்லாதவற்றைப் புரோகேரியோட் என்றும் பிரித்து எழுதினார். நெடுநாள் யாரும் கவனிக்கவில்லை. 1938இல் ஹெர்பர்ட் கோப்லாண்ட் மொனிராவைத் தனி உலகமாக்கி உலகங்களை நான்காக்கினார். 1962இல் ஸ்டேனியரும் வான் நீலும் ஷாத்தோனின் பிரிவினையைத் தூசி தட்டி எடுத்து, உயிருலகின் மிக ஆழமான பிளவு இதுதான் என்று நிறுவினார்கள்.

1969 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் ராபர்ட் விட்டேக்கரின் கட்டுரை வந்தது. நம் மேல்நிலை வகுப்பு மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஐந்துலக வகைப்பாடு அதுதான்: மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு. விட்டேக்கர் ஒரு சூழலியலாளர். மலைச்சரிவுகளில் எந்த மரம் எங்கே நிற்கிறது என்று கணக்கெடுத்தவர். ஆகவே ஒவ்வோர் உயிரும் எப்படிச் சாப்பிடுகிறது என்று கேட்டார். தாவரம் ஒளியில் உணவைத் தயாரிக்கிறது, விலங்கு விழுங்குகிறது, பூஞ்சை தன் உணவின் மேலேயே வளர்ந்து, நொதியைச் சுரந்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. இந்த மூன்றாவது வழிக்குத் தனி உலகம் கொடுத்ததுதான் அவருடைய பெரிய பங்களிப்பு. ஒரு காட்டில் யார் படைக்கிறார், யார் தின்கிறார், யார் மக்கச்செய்கிறார் என்பதை அந்த ஏற்பாடு அப்படியே காட்டும். பள்ளிப் பாடத்தில் அது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருப்பதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. அது உண்மையிலேயே எதையோ விளக்குகிறது.

ஆனால் ஒரே மாதிரி சாப்பிடுகிறவர்கள் எல்லாம் உறவினர் ஆகிவிட மாட்டார்கள். இதற்குக் கொடுமையான சாட்சி ஃபைட்டாஃப்தோரா. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களை அழுகவைத்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கியது அதன் ஓர் இனம். நம் பக்கத்தில் மிளகுக் கொடியின் வாடல் நோய்க்கும் தென்னங்குருத்து அழுகலுக்கும் அதன் வேறு இனங்கள் காரணம். நூல் நூலாகப் படரும், வித்துகள் விடும், உணவை உறிஞ்சும். பார்வைக்கு அசல் பூஞ்சை. விட்டேக்கரும் அப்படியே வைத்தார். ஆனால் அதன் செல் சுவரில் பிரதானமாக இருப்பது பூஞ்சைகளின் கைட்டின் அல்ல, செல்லுலோஸ். பூஞ்சைகள் தம் செல் சவ்வுக்காக உண்டாக்கும் எர்கோஸ்டீராலையும் அது உண்டாக்குவதில்லை. எர்கோஸ்டீரால் உற்பத்தியைத் தாக்கும் பூஞ்சைக்கொல்லிகள் அதனிடம் பலிக்காததற்குக் காரணம் அதுவே. மரபணுக்களை ஒப்பிட்டபோது, அதன் நெருங்கிய சொந்தங்கள் டையட்டம்களும், கடலுக்கடியில் காடுபோல் வளரும் பழுப்புப் பாசிகளும் என்று தெரியவந்தது. தவறான உலகத்தில் வைக்கப்பட்ட உயிருக்குத் தவறான மருந்துதான் தெளிக்கப்படும். வகைப்பாடு அலமாரி அடுக்கும் வேலை என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இது.

விட்டேக்கரின் கட்டுரை வந்த அதே 1969இல், அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸ், டிஎன்ஏ புகழ் ஃபிரான்சிஸ் கிரிக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். செல்லின் உள்ளே இருக்கும் மூலக்கூறுகளின் வரிசையையே வரலாற்று ஆவணமாகப் படித்து, நுண்ணுயிர்களின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்கப்போவதாக அதில் சொன்னார். மூலக்கூறுகள் பரிணாமத்தின் ஆவணங்கள் என்ற கருத்தை நான்கு ஆண்டுகளுக்கு முன் சுக்கர்கான்டலும் பாலிங்கும் முன்வைத்திருந்தார்கள். வோஸின் திறமை, எந்த ஆவணத்தைப் படிப்பது என்று தேர்ந்ததில் இருந்தது. புரதம் தயாரிக்கும் ரைபோசோம் இல்லாத செல் கிடையாது. அதன் சிறிய பகுதியில் உள்ள ஆர்என்ஏ, பாக்டீரியாவில் சுமார் 1,500 எழுத்து நீளம். அதில் ஏற்படும் பெரும்பாலான மாற்றங்கள் செல்லைக் கொன்றுவிடும் என்பதால் மிக மெதுவாகவே மாறும். பாக்டீரியாவையும் மனிதனையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டுமென்றால் இப்படி ஒன்றுதான் தேவை.

அந்த எழுத்துகளை முழுதாகப் படிக்கும் தொழில்நுட்பம் அன்று இல்லை. வோஸும் அவருடைய குழுவும் செய்த வேலை உடம்பையும் கண்ணையும் வருத்துவது. கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்த ஊடகத்தில் கிருமியை வளர்க்க வேண்டும். ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து, ஒரு குறிப்பிட்ட எழுத்து வரும் இடமெல்லாம் வெட்டும் நொதியால் துண்டாக்க வேண்டும். துண்டுகளை மின்புலத்தில் பரப்பி, எக்ஸ்-ரே படலத்தில் புள்ளிகளாகப் பதியவைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு புள்ளியும் எந்த எழுத்துத் தொடர் என்று ஊகித்துப் பட்டியலிட வேண்டும். தொடக்கத்தில் ஒரே ஓர் உயிரின் பட்டியலுக்கு மாதக்கணக்கு ஆனது. ஒளிப்பெட்டியின் முன் படலங்களைத் தொங்கவிட்டு வோஸ் ஆண்டுக்கணக்கில் தனியே உட்கார்ந்திருந்தார். வேறு எந்த ஆய்வுக்கூடமும் இதே வேலையை இந்த அளவில் செய்யவில்லை. ஆகவே போட்டியும் இல்லை, துணையும் இல்லை.

1976இல் பக்கத்து ஆய்வுக்கூடத்து ரால்ஃப் உல்ஃப், மீத்தேன் வெளியிடும் நுண்ணுயிர்களைப் பட்டியலில் சேர்த்துப் பார்க்கும்படி சொன்னார். சதுப்பிலும், நெல்வயல் சேற்றிலும், மாட்டின் இரைப்பையிலும், சாண எரிவாயுக் கலனிலும் வாழ்பவை அவை. காற்றுப் பட்டால் செத்துவிடும். உல்ஃபின் மாணவர் வில்லியம் பால்ச், ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் அழுத்தத்தோடு நிரப்பி மூடிய குழாய்களில் அவற்றை வளர்க்கும் முறையைக் கண்டிருந்ததால் இந்தச் சோதனை முடிந்தது. படலம் வந்ததும் வோஸ் தேடியது, அதுவரை தாம் பார்த்த எல்லா பாக்டீரியாவிலும் தவறாமல் இருந்த சில துண்டுகளை. அவற்றில் பல அங்கே இல்லை. சோதனையைத் திரும்பச் செய்தார்கள், மீண்டும் இல்லை. இவை பாக்டீரியாவே அல்ல என்று வோஸ் உல்ஃபிடம் ஓடிவந்து சொன்னார். யூகேரியோட்டா என்றால் அதுவும் அல்ல.

1977 நவம்பரில் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் எழுதிய கட்டுரை, உயிர்களின் முதன்மைப் பிரிவுகள் இரண்டல்ல, மூன்று என்று அறிவித்தது. நவம்பர் 3 அன்று ‘நியூ யார்க் டைம்ஸ்’ அதை முதல் பக்கத்தில் போட்டது. விளைவு நேர்மாறாக இருந்தது. அறிவியல் முடிவைப் பத்திரிகைக்குச் சொன்ன முறையே பலருக்குப் பிடிக்கவில்லை. நோபல் பரிசு பெற்ற சால்வடோர் லூரியா உல்ஃபைத் தொலைபேசியில் அழைத்து, இந்த அபத்தத்திலிருந்து விலகிக்கொள்ளாவிட்டால் உன் பெயர் கெட்டுவிடும் என்று எச்சரித்தார். அமெரிக்காவில் பத்தாண்டுகள் பலர் வோஸின் முடிவைக் காதில் வாங்கவில்லை. ஜெர்மனியில்தான் ஆதரவு எழுந்தது. பாக்டீரியாவின் செல் சுவருக்கு அடையாளமான பெப்டிடோகிளைக்கன் இவற்றில் இல்லை என்று ஓட்டோ கான்ட்லர் காட்டினார். டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ எழுதும் நொதி, பாக்டீரியாவின் நொதியைவிட நம் செல்களின் நொதியை ஒத்திருப்பதை வொல்ஃப்ராம் ஸில்லிக் காட்டினார். செல் சவ்வின் கொழுப்புகூட வேறு: பாக்டீரியாவிலும் நம்மிலும் கொழுப்பமிலங்கள் எஸ்டர் பிணைப்பில் நிற்க, இவற்றில் வேறுவகைச் சங்கிலிகள் ஈதர் பிணைப்பில் நிற்கின்றன. உப்பளப் பாத்திகளில் உவர்நீர் வற்ற வற்ற இளஞ்சிவப்பாக நிறம் மாறுவதற்குக் காரணமான உப்புவிரும்பி நுண்ணுயிர்களில் பலவும் இந்தக் கூட்டமே என்றானது.

1990இல் வோஸ், கான்ட்லர், மார்க் வீலிஸ் மூவரும் உலகங்களுக்கு மேல் டொமைன் என்ற ஒரு படியை வைத்தார்கள்: பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா. தாவரம், விலங்கு, பூஞ்சை என்று நாம் பெரிதாக நினைத்த மூன்று உலகங்களும் மூன்றாவது டொமைனின் ஒரு பக்கத்துச் சிறு கிளைகளாகச் சுருங்கின.

பரிணாம உயிரியலின் பெரியவர் எர்ன்ஸ்ட் மாயர் இதைக் கடைசிவரை ஏற்கவில்லை. 1998இல், தம் தொண்ணூற்று நான்காம் வயதில், அவர் எழுதிய மறுப்பு இன்றும் படிக்கத் தகுந்தது. ஆர்க்கியாவும் பாக்டீரியாவும் பார்வைக்கு ஒன்றே. வகைப்பாடு என்பது கண்டறியக்கூடிய பண்புகளைத் தொகுத்து வைக்கும் ஏற்பாடு. ஒற்றை மூலக்கூறின் வரிசையை வைத்து, திமிங்கிலம் முதல் ஆலமரம் வரை உள்ள பன்மையை ஒரு மூலையில் தள்ளுவது நியாயமா என்பது அவர் வாதத்தின் சாரம். வோஸின் பதில்: பார்வைக்கு ஒன்றாகத் தெரிவது கண்ணின் குறைபாடு. என் மனம் வோஸின் பக்கம்தான். மாயர் கொண்டாடிய பன்மை உடல்களின் பன்மை. வேதியியலின் பன்மை, அதாவது கந்தகத்தையும் இரும்பையும் ஹைட்ரஜனையும் கொண்டு பிழைக்கும் வழிகளின் பன்மை, நுண்ணுயிர்களிடம்தான் குவிந்து கிடக்கிறது. இருந்தாலும் மாயரின் சந்தேகத்தில் ஒரு கூர்மை இருந்தது. ஒரே ஒரு மூலக்கூறை நம்பினால் அது ஏமாற்றவும் செய்யலாம் அல்லவா?

ஏமாற்றியது. நம் பட்டுப்புழுக் கிருமியின் கூட்டத்தை வைத்தே ஏமாற்றியது. மைக்ரோஸ்போரிடியாவுக்கு உட்கரு உண்டு. ஆனால் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா தென்படவில்லை. அதன் ரைபோசோம் பாக்டீரியாவின் ரைபோசோம் அளவுக்குச் சிறியது. மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் சுதந்திரமாக வாழ்ந்த பாக்டீரியா, பிறகு வேறு செல்லுக்குள் புகுந்து குடியேறியது என்று 1967இல் லின் மார்குலிஸ் வாதிட்டார். பல இதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. அவர் சொன்னது சரியென்றால், அந்தக் குடியேற்றத்துக்கு முன்பே பிரிந்த யூகேரியோட்டுகள் எங்காவது மிஞ்சியிருக்கலாம். 1983இல் பிரிட்டனின் தாமஸ் கேவலியர்-ஸ்மித் அப்படிப்பட்டவற்றைத் திரட்டி ஆர்க்கிசோவா என்று பெயரிட்டார். பின்னர் அதற்குத் தனி உலக மதிப்பும் தந்தார். மைக்ரோஸ்போரிடியா அதில் முக்கிய உறுப்பு. 1987இல் வோஸும் இணைந்து எழுதிய ‘நேச்சர்’ கட்டுரை, ரைபோசோம் ஆர்என்ஏ வரிசைப்படி இவை யூகேரியோட்டுகளில் மிகப் பழமையான கிளை என்றது. அமைப்பும் மூலக்கூறும் ஒரே விடையைச் சொன்னதும் எல்லோருக்கும் திருப்தி.

பத்து ஆண்டுகளுக்குள் அந்த விடை சரிந்தது. 1996இல் டியூபுலின் என்ற புரதத்தின் மரபணு, இவற்றைப் பூஞ்சைகளின் பக்கத்தில் வைத்தது. 1997இல் மைட்டோகாண்ட்ரியாவோடு தொடர்புடைய ஒரு மரபணு இவற்றின் உட்கருவிலேயே கண்டெடுக்கப்பட்டது. இல்லாத உறுப்பின் மரபணு ஏன் அங்கே இருக்க வேண்டும்? 2002இல் உறுப்பே கிடைத்தது: சுருங்கிச் சிறுத்த, பழைய வேலைகளில் பெரும்பகுதியை இழந்த ஒரு மைட்டோகாண்ட்ரியா மிச்சம். இடையில் 2001இல், நோசிமாவின் உறவான என்செஃபலிட்டோசூன் குனிகுலியின் மரபணுத் தொகுதி முழுதும் படிக்கப்பட்டது. மொத்தம் 29 லட்சம் எழுத்துகள், ஏறக்குறைய 2,000 மரபணுக்கள். சாதாரணக் குடல் பாக்டீரியாவான ஈ. கோலையிடம் இருப்பதில் பாதிக்கும் குறைவு.

நடந்தது இதுதான். பூஞ்சைகளுக்கு நெருங்கிய ஒரு மூதாதை, மற்றொரு செல்லுக்குள் வாழப் பழகியது. வித்திலிருந்து ஒரு குழாயை நொடிக்கும் குறைவான நேரத்தில் வெளியே பாய்ச்சி, அதன் வழியே தன் உட்பொருளை அடுத்த செல்லுக்குள் செலுத்தும் விசித்திர ஆயுதத்தை உருவாக்கிக்கொண்டது. உணவும் ஆற்றலும் விருந்தோம்பும் செல்லிலிருந்தே கிடைத்ததால், சொந்தமாக வைத்திருந்த ஒவ்வொன்றையும் கைவிட்டது. அதன் எளிமை பழமையின் அடையாளம் அல்ல, இழப்பின் அடையாளம். அதோடு அதன் மரபணுக்கள் மிக வேகமாக மாறியிருந்தன. அதிகம் மாறிய வரிசைகள், உறவே இல்லாவிட்டாலும், கணக்கீட்டில் ஒன்றையொன்று ஈர்த்து மரத்தின் அடிக்குப் போய்விடும். ஒரு மூலக்கூறின் சாட்சியத்தைப் பல மூலக்கூறுகளின் சாட்சியத்தோடு ஒப்பிடாமல் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதை இந்தத் துறை கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்த ஒட்டுண்ணிகளிடம்தான். இன்று மைக்ரோஸ்போரிடியா பூஞ்சைகளின் உள்ளேயா, வாசற்படியிலா என்பதில் மட்டுமே வாதம். கேவலியர்-ஸ்மித் தாமே கட்டிய ஆர்க்கிசோவாவைத் தாமே கலைத்தார்.

பூஞ்சைகளின் இடமும் இதற்குள் மாறிவிட்டிருந்தது. 1993இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள், பூஞ்சைகளின் நெருங்கிய உறவு தாவரங்கள் அல்ல, விலங்குகள் என்று காட்டின. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன் பிரிந்த சொந்தம்தான். ஆனாலும் மழைக்காலக் காளான், அது முளைத்து நிற்கும் மரத்தைவிட அதைப் பறிக்கும் கைக்கு நெருக்கம். பூஞ்சைத் தொற்றுக்கு மருந்து தேடுவது பாக்டீரியாத் தொற்றுக்குத் தேடுவதைவிடக் கடினம் என்று மருத்துவர்கள் சொல்வதன் வேர் இங்கேதான். கிருமியின் செல்லும் நம் செல்லும் ஒரே அச்சு. ஒன்றைத் தாக்கும் நஞ்சு மற்றதையும் தொடும். மலேரியா ஒட்டுண்ணியிடம் கதை நேர்மாறு. பழைய நூல்களில் ஒருசெல் விலங்கு எனப்பட்ட பிளாஸ்மோடியத்துக்குள், ஒளிச்சேர்க்கை செய்த ஒரு பாசியிடமிருந்து வந்த கணிகத்தின் எச்சம் இருப்பது 1990களில் உறுதியானது. பச்சையம் போய்விட்டது, கணிகம் இன்றும் வேலை செய்கிறது. டாக்சிசைக்ளின் போன்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்து மலேரியாவிலும் உதவுவது அந்தக் கணிகத்தைத் தாக்குவதால்தான்.

இப்படி உடைத்து உடைத்துச் சேர்த்த பின் உலகங்கள் எத்தனை? 2015இல் மைக்கேல் ருஜியேரோவும் கேவலியர்-ஸ்மித்தும் பிறரும் வெளியிட்ட பட்டியலில் ஏழு: பாக்டீரியா, ஆர்க்கியா, புரோட்டோசோவா, குரோமிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு. தரவுத்தளங்களை ஒழுங்குபடுத்த அது பயன்படுகிறது. ஆனால் அதில் உள்ள புரோட்டோசோவா ஒரு குடிவழி அல்ல. மற்ற நான்கு யூகேரியோட் உலகங்களையும் எடுத்த பின் மிஞ்சியவற்றின் தொகுப்பு என்பதை அதை உருவாக்கியவர்களே மறைக்கவில்லை. யூகேரியோட்டுகளின் உறவை ஆராய்பவர்களில் பெரும்பாலோர் இன்று உலகம் என்ற படியையே கையாளுவதில்லை. மூதாதை வழியில் சேர்ந்த பெருங்குழுக்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். விலங்கும் பூஞ்சையும் ஒரே குழுவில்; ஃபைட்டாஃப்தோராவும் டையட்டமும் பிளாஸ்மோடியமும் வேறொரு குழுவில். பள்ளிப் பாடத்தில் ஐந்துலகத்தை நீக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது ஒரு சூழலியலாளர் கேட்ட கேள்விக்கான விடை என்று ஆசிரியர் சேர்த்துச் சொன்னால் போதும். அடுத்த கேள்வியை மாணவர்களே கேட்பார்கள்.

டொமைன்களும் அசைந்துகொண்டிருக்கின்றன. யூகேரியோட்டுகள் ஆர்க்கியாவின் அண்ணன் தம்பி அல்ல, அதற்குள்ளிருந்தே கிளைத்தவை என்று ஜேம்ஸ் லேக் 1984இல் சொன்னபோது ஆதரவு குறைவு. 2015இல் உப்சாலா பல்கலைக்கழகத்தின் தைஸ் எட்டெமா குழு, கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் இடையே 3,000 மீட்டருக்கும் கீழான கடற்படிவில் கிடைத்த டிஎன்ஏவிலிருந்து ஒரு புதிய ஆர்க்கியாக் கூட்டத்தை மீட்டெடுத்தது. லோகி என்று பெயரிடப்பட்ட அதனிடம், செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் போன்ற, நம் செல்களுக்கே உரியவை என்று நம்பப்பட்ட மரபணுக்கள் இருந்தன. உயிரை யாரும் பார்க்கவில்லை, டிஎன்ஏதான் இருக்கிறது, அது கலப்படமாக இருக்கலாம் என்று சிலர் மறுத்தார்கள். ஜப்பானில் ஹிரோயுகி இமாச்சி 2006இலேயே ஆழ்கடல் சேற்றை எடுத்து வளர்க்கத் தொடங்கியிருந்தார். அதில் இருந்த உயிர் ஒருமுறை இரட்டிக்க 14 முதல் 25 நாட்கள் எடுத்துக்கொண்டது, ஈ. கோலைக்கு இருபது நிமிடம் போதும். பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, 2020இல் அதன் படத்தை வெளியிட்டார்: சிறு உருண்டையிலிருந்து கிளைவிட்ட நீண்ட கரங்கள். அந்தக் கரங்கள் ஒரு பாக்டீரியாவைச் சுற்றி வளைத்து உள்ளே இழுத்ததில்தான் மைட்டோகாண்ட்ரியாவும் நாமும் தொடங்கினோமா என்பது இப்போது திறந்த கேள்வி. ஆம் என்றால் டொமைன்கள் இரண்டே. நாம் ஆர்க்கியாவின் ஒரு கிளை.

இதற்கிடையில் கண்ணெதிரே கிடக்கும் மண்ணிலேயே பெரிய இடைவெளிகள் இருக்கின்றன. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த யானா எக்லிட், நோவா ஸ்கோஷியாவில் நடைபயணம் போன பாதையில் அள்ளிவந்த மண்ணை நனைத்து வைத்தார். சில வாரங்கள் கழித்து, இரு வரிசைக் கசையிழைகளை அசைத்து நீந்தும் ஒருசெல் உயிர்கள் அதில் தோன்றின. ஹெமிமாஸ்டிகோஃபோரா என்ற அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவற்றை நுண்ணோக்கியில் கண்டவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உண்டு. மரபணு வரிசை மட்டும் யாரிடமும் இல்லை. 2018இல் அவர் குழு நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒப்பிட்டு ‘நேச்சர்’ இதழில் எழுதியது: அறியப்பட்ட எந்தப் பெருங்குழுவிலும் இவை சேரவில்லை. விவரிக்கப்பட்ட இனங்கள் ஏறக்குறைய பத்துதான். ஆனால் தனித்து நிற்கும் ஆழத்தில், உலகம் என்ற படிக்கும் மேலே வைக்க வேண்டிய கிளை என்று அக்கட்டுரை அதைக் குறிப்பிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, பிற நுண்ணுயிர்களை வேட்டையாடித் தின்னும் இன்னொரு கூட்டம், புரோவோரா, அதே மாதிரி எங்கும் சேராத கிளையாகப் பதிவானது.